கழுவிய முகம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கலிபோர்னியாவில், அதுவும் எங்கள் பர்பாங்கில், நாலு துளி விழுந்தால் போதும், ஊரில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாமல் போய்விடும். நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் ஆபீசுக்கு இன்று பாதிப் பேர் வரவில்லை, வந்தவர்களும் தாமதம். முன்மேஜையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்ததில் என் தாடை வலித்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய சாமான் சந்தையில் வாங்கிய படங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றும் அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை கோரா லிண்டன். ஸ்டுடியோ வாசலில் விடியற்காலையில் காத்துக் கிடந்த ரசிகர்கள் எடுத்த சின்னப் படங்கள். ஒன்றில் தொப்பி, ஒன்றில் தலையில் துணி, ஒன்றில் கையில் பாதி தின்ற ரொட்டி. ஸ்கேன் செய்து கழுவினேன். கழுவுவது என்றால் என் பாஷையில், அத்தனை வருடத் தூசையும் கீறலையும் கணினியில் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பது. புள்ளி மேல் அம்பை வைத்து ஒரு தட்டு, போயிற்று. பிறகு அடுத்த புள்ளி. பின்னல் போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் நிம்மதி எனக்கு இதில் கிடைக்கிறது. இணையத்தில் இருக்கும் நம் கோரா ரசிகர் குழுவில் சொல்வார்கள்: மேவிஸ் கழுவினால் நேற்று எடுத்த படம் மாதிரி இருக்கும் என்று. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

ஹாங்க் பின்னால் வந்து நின்று, "நம்ம வீட்டு ஜன்னலை ஒரு நாளாவது இப்படித் தொடச்சிருக்கியா?" என்றான்.

"அந்த ஜன்னல்ல கோரா தெரிஞ்சா தொடைக்கிறேன்" என்றேன்.

"முப்பது வருஷமா நான் தெரியறேன்."

"அதனாலதான் தொடைக்கல."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நல்ல மனுஷன். கோராவை அவனுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. எனக்கு ஓர் அக்கா இருந்து வீட்டில் கூடவே குடியிருந்தால் எப்படியோ, அப்படிப் பொறுத்துக்கொள்கிறான்.

மறக்கக் கூடாது: தியேட்டர் தெரசா கூப்பிட்டாள். மார்ச் 21 சனிக்கிழமை கோரா லிண்டன் மாலை நிகழ்ச்சி. இரண்டு படம் போடுகிறார்கள். முகப்புக் கூடத்தில் மாட்ட என் படங்கள் வேண்டுமாம். படத்துக்கு முன்னால் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். மேடை என்றாலே எனக்குப் பயம், ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

குழுவில் வெள்ளிதோறும் போடும் படத்துண்டை இன்றும் போட்டேன். கோராவின் படகுத்துறைப் படத்தில் வரும் ஆரஞ்சுப் பழக் காட்சி. கதவுக்கு அந்தப் பக்கம் கணவன் பொய் சொல்கிறான். இந்தப் பக்கம் கோரா பழத்தை உரித்துக்கொண்டு கேட்கிறாள். தோல் அறுபடாமல் ஒரே நீளமாகச் சுருண்டு இறங்குகிறது. அவன் ஒரு பெயரைச் சொல்கிறான். தோல் அறுந்து விழுகிறது. அவ்வளவுதான் காட்சி. கண்ணீர் இல்லை, வசனம் இல்லை, வயலின்கூட இல்லை. குனிந்து தோலை எடுத்துக் குப்பையில் போடுகிறாள், ஒழுங்கான வீட்டுக்காரியாக.

எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும். எட்டு வயதில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது டிவியில் முதலில் பார்த்ததும் இதே காட்சிதான். இந்த அம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல மாட்டாள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. நடிப்பு என்றால் இது என்று எந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள்?

குழுவில் லிஸ்பனிலிருந்து ஒரு பெண், "இதைப் பார்த்துவிட்டு என் மகள் ஆரஞ்சு வாங்கி வரச் சொல்கிறாள்" என்று எழுதியிருந்தாள். முப்பதாயிரம் பேர் இருக்கும் குழு. பெரும்பாலும் இப்படி நல்லவர்கள். சண்டை வருவது போலிப் படங்களால்தான். இப்போது யார் வேண்டுமானாலும் கணினியிடம் கேட்டு எந்த நட்சத்திரத்தையும் எந்தக் குதிரை மேலும் உட்கார வைத்துவிடலாம். அதனால் நம் குழுவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. புதுப் படம் வந்ததும் யாராவது "விரலை எண்ணு" என்று எழுதுவார்கள், கணினி சறுக்குவது விரல் கணக்கில்தான். ஆறு விரல் இருந்தால் படமும் போகும், போட்டவரும் போவார்.

இந்த விஷயத்தில் கார்டன்தான் நமக்குக் காவல். குழுவை என்னோடு சேர்ந்து நடத்துகிறவர். தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமைகூட கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டாமல் வெளியே வர மாட்டார். எதைச் சொன்னாலும் அவருக்கு ஒரே பதில்: "ஆதாரம்?" காலை வணக்கம் சொன்னால்கூட.

பிப்ரவரி 11, புதன்

இன்று ஒரு கலவரம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் இருநூறு கருத்துகள். பார்ஸ்டோ என்ற பாலைவன ஊரிலிருந்து லைல் பிரெமர் என்று ஒருவர், குழுவுக்குப் புதிது, ஒரு படம் போட்டிருக்கிறார். ஓர் உணவகச் சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டியில் சாய்ந்து ஒரு பெண் நிற்கிறாள். தோளில் மாவுச் சாக்கில் தைத்த துவாலை, முன்முடி ஈரம், கையில் முட்டைத் தட்டு. வாயைத் திறந்து சிரிக்கிறாள். கீழே அவர் எழுதியிருந்தது: "இது கோரா லிண்டன். எடுத்தவர் என் அப்பா ஓட்டோ பிரெமர். அப்பா பொய் சொல்லவில்லை."

விஷயம் என்னவென்றால், அந்தப் பெண்ணின் மூக்கிலும் கன்னத்திலும் மிளகுத்தூள் தூவியதுபோல ஏகப்பட்ட புள்ளிகள். வெயிலில் அலைகிற சிவப்புமுடிக்காரர்களுக்கு இருக்குமே, அப்படி. கோராவின் முகம் எங்களுக்குத் தெரியாதா? பால் மாதிரி முகம். எத்தனை நூறு படம் வைத்திருக்கிறோம், ஒன்றிலாவது ஒரு புள்ளி உண்டா?

குழு பிய்த்து எடுத்துவிட்டது. விரலை எண்ணு என்றார்கள். விரல் சரியாக இருந்தது. அப்படியும் விடவில்லை. "கணினிக்குக் கோராவை யாரோடோ குழப்பம்." "பண்ணையில் மாடு கறக்கும் கோரா." "உங்கப்பாவையும் கணினிதான் செய்ததா?" கடைசியாகச் சொன்னது ரொம்ப அதிகம், அதை நீக்கினேன்.

கார்டன் ஆபீசுக்கே போன் செய்தார். "இத உடனே எடுங்க மேவிஸ். இன்னிக்கு விட்டா நாளைக்கு அம்பது வரும்."

எடுத்துவிட்டேன். ஆளையும் வெளியேற்றினேன். வழக்கப்படி படத்தை மட்டும் 'போலி' கோப்புறையில் போட்டு வைத்தேன். பிறகு ஆபீசில் ஒரு குழந்தைக்கு முன்பல் விழுந்த விவகாரம் வந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

அந்தப் பல்.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

கோராவின் இடது கோரைப்பல் கொஞ்சம் திரும்பியிருக்கும். ஸ்டுடியோ எடுத்த படங்களில் தெரியாது, உதட்டை மூடித்தான் சிரிக்க வைப்பார்கள். திரைப்படத்தில் அவள் நிஜமாகவே சிரிப்பு தாங்காமல் சிரிக்கிற இரண்டொரு இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். பல் டாக்டர் ஆபீசில் காலம் தள்ளுகிறவள் நான், எனக்குத் தெரியும். குழுவில் வேறு யாரும் அதைக் கவனித்து எழுதியதாக ஞாபகம் இல்லை. பார்ஸ்டோ படத்தில் அந்தப் பல் இருக்கிறது. அதே பக்கம், அதே திருப்பம்.

கணினி அழகான பல்லைத்தான் கொடுக்கும். கோணல் பல்லை எதற்குக் கொடுக்கப் போகிறது?

ஆனால் அந்தப் புள்ளிகள்?

இன்று லைலிடமிருந்து கடிதம் மாதிரி நீளமாக ஒன்று வந்தது, என் சொந்த முகவரிக்கு. திட்டவில்லை. திட்டியிருக்கலாம், எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் சொன்னது இதுதான். அப்பா ஓட்டோ பாலைவனச் சாலையில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து பக்கத்தில் ஏதோ படப்பிடிப்பு. ஒரு நாள் பின்கதவு வழியாகக் கோரா லிண்டன் வந்தாள், தொட்டியில் முகம் கழுவினாள், முட்டை கேட்டாள், தின்றாள், போனாள். இதை அப்பா வாழ்நாள் முழுக்கச் சொன்னார். வீட்டில் யாரும் நம்பவில்லை. யார் எதைப் புளுகினாலும், "ஆமாமா, கோராவும் வந்து முட்டை தின்னா" என்று சொல்வது அவர்கள் குடும்பத்தில் பழகிப்போனது. அப்பா செத்து இருபது வருடம். போன மாதம் அவருடைய சமையல் கத்திகள் இருந்த தகரப்பெட்டியைச் சுத்தம் செய்யும்போது அடியில் இந்தப் படம்.

"உயிரோட இருந்தப்போ நாங்க அவரைப் பொய்யன்னு சொன்னோம். செத்தப்புறம் உங்க ஆளுங்க சொல்லிட்டாங்க" என்று முடித்திருந்தார்.

பதில் எழுத மூன்று தடவை ஆரம்பித்து அழித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கார்டனோடு வழக்கமான காலை உணவு. எனக்கு அப்பம், அவருக்கு வெண்ணெய் தடவாத ரொட்டி. பல்லைப் பற்றிச் சொன்னேன்.

"பல்லு ஆதாரம் இல்ல மேவிஸ். ஊர்ல எத்தன கோணப் பல்லு இருக்கு. உங்க ஆபீஸ்லயே தினம் பத்து வருதில்ல?"

"வருது. எந்தப் பல்லும் இன்னொண்ணு மாதிரி இருக்காது."

"அப்ப அந்தப் புள்ளி எங்கேர்ந்து வந்துது? நம்மகிட்ட இருக்கிற ஒரு படத்துல காட்டுங்க. ஒரே ஒரு படம். நான் அந்த ஆள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேக்கறேன்."

காட்ட ஒன்றும் இல்லை. அப்பத்தை வெட்டிக்கொண்டே இருந்தேன். பரிமாறும் பெண் வந்து, "அது ஏற்கெனவே செத்துப்போச்சும்மா, விட்டுடுங்க" என்றாள்.

பிப்ரவரி 16, திங்கள்

விடுமுறை. ஆபீஸ் இல்லை. தெரசாவுக்கு முகப்புக் கூடத்தில் மாட்டப் பெரிய படங்கள் வேண்டும், கதவு உயரத்துக்கு. அவ்வளவு பெரிதாக்க வேண்டுமானால் கழுவியதை வைத்துச் செய்ய முடியாது. ஸ்கேன் செய்த முதல் பிரதியிலிருந்து மறுபடி, இன்னும் நுணுக்கமாகக் கழுவ வேண்டும். 'கழுவாதவை' கோப்புறையைத் திறந்தேன். வாசல் படங்கள் மூன்றில் தொப்பிப் படத்தை முதலில் எடுத்தேன். முகத்தைப் பெரிதாக்கினேன்.

தூசு. கன்னம் முழுக்க. என் கை பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. தட்டு, போயிற்று. தட்டு, போயிற்று. இடது கண்ணுக்குக் கீழே சாய்வாக மூன்று, கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் பெரிது. தட்டினேன். போயிற்று.

காப்பி குடித்துவிட்டு வந்து தலையில் துணி கட்டிய படத்தைத் திறந்தேன். வேறு நாள், வேறு கேமரா, வேறு யாரோ எடுத்தது. பெரிதாக்கினேன். இடது கண்ணுக்குக் கீழே சாய்வாக மூன்று புள்ளி. கடைசி கொஞ்சம் பெரிது.

கை நின்றுவிட்டது.

ரொட்டிப் படம். திறக்கவே பயமாக இருந்தது. திறந்தேன். மூன்று புள்ளி.

தூசு என்றால் படத்துக்குப் படம் இடம் மாறாதா? கேமரா விட்டுக் கேமரா கோராவைத் துரத்திக்கொண்டு போகுமா? கோட்டிலும் சுவரிலும் அங்கொன்றும் இங்கொன்றும்தான், கன்னத்தில் மட்டும் இப்படிக் கூட்டமாக வந்து உட்காருமா?

'போலி' கோப்புறைக்குப் போய் பார்ஸ்டோ படத்தைத் திறந்தேன். தொட்டி, துவாலை, முட்டை. இடது கண்ணுக்குக் கீழே மூன்று.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான். எத்தனை வருஷமா தொடச்சுக்கிட்டு இருந்தேன். அந்தக் காலத்துல ஸ்டுடியோல பென்சில வெச்சு நெகடிவ்ல புள்ளிய மறைச்சாங்க, சம்பளம் வாங்கிக்கிட்டு. படப்பிடிப்புல பூச்சு போட்டு மறைச்சாங்க. அதுக்கெல்லாம் தப்பிச்சு வந்தது இந்த வாசல் படம் மட்டும்தான். விடியக்காலைல, பூச்சு போடறதுக்கு முன்னாடி, ரொட்டிய மென்னுக்கிட்டு வேலைக்கு வந்த முகம். அதையும் நான் உக்காந்து தொடச்சேன். சம்பளம்கூட இல்லாம. ஆசையா. நிம்மதியா.

ஹாங்க் வந்து பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, "நல்லாத்தான இருக்கா" என்றான்.

ஆமாம். நல்லாத்தான் இருக்கிறாள். நான் பார்த்ததிலேயே அழகாக இருக்கிறாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கார்டனுக்கு மூன்றையும் அனுப்பினேன். அவர் பதில்: "லைலின் வீட்டு முகவரி என்ன?"

பிப்ரவரி 19, வியாழன்

வாசல் படங்கள் மூன்றையும் கழுவாமல் குழுவில் போட்டேன். பக்கத்தில் நான் கழுவியது. என்ன செய்தேன் என்று மறைக்காமல் எழுதினேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் பால் முகம்தான் வேண்டும் என்று குழுவை விட்டே போய்விட்டார். ஆனால் மற்றவர்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "ஐம்பது வருட ரசிகன், இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன்" என்று ஒரு கிழவர். லிஸ்பன் பெண், "என் மகளுக்கும் இதே புள்ளிகள். படத்தைத் திரையிலிருந்து எடுக்க விடமாட்டேன் என்கிறாள்" என்று.

பிறகு லைலுக்குப் போன் செய்தேன். குரல் கரடுமுரடாக இருந்தது.

"நீங்கதான் தூக்கி எறிஞ்ச அம்மாவா?"

"நான்தான். தப்பு என் பேர்ல. உங்கப்பா சொன்னது உண்மை."

அந்தப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

"உங்கப்பா சொன்னது உண்மை, லைல்."

"சரி. அத எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. எந்த இடத்துல பொய்யின்னாங்களோ அதே இடத்துல."

சொல்கிறேன் என்றேன். படத்தைத் திரும்பப் போடுகிறேன், குழுவின் முகப்பிலேயே போடுகிறேன், தியேட்டரில் கதவு உயரத்துக்கு மாட்டுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் மிஷினோடு வருகிறேன், கழுவாமல் எடுக்கிறேன் என்றும் சொன்னேன். தெரசாவிடம் சொன்னதும் அவள் போனிலேயே துள்ளினாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பார்ஸ்டோ போய் வந்தோம். ஹாங்க் ஓட்டினான், கார்டன் பின்சீட்டில், ஊதாப் பட்டாம்பூச்சி டை. மன்னிப்புக் கேட்கப் போகிறவர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தார்.

லைல் எழுபதைத் தாண்டிய ஆள், லாரி ஓட்டியவர், கதவு அளவு தோள். கார்டன் வாசலிலேயே தொப்பியைக் கழற்றி, தயார் செய்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். லைல் பாதியிலேயே, "உள்ள வாங்க சார், வெயில் அடிக்குது" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். முட்டை பொரித்துக் கொடுத்தார், அப்பா மாதிரி பன்றிக்கொழுப்பில். கார்டன் தட்டை வழித்துத் தின்றார்.

பிறகு லைல் படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஓரம் ரம்பப்பல் மாதிரி வெட்டிய சின்னப் படம், உள்ளங்கை அளவு. எத்தனை படம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் கோரா நம்மைப் பார்ப்பாள். இதில் ஒரு மனிதனைப் பார்க்கிறாள், அவன் சொன்ன ஏதோ அசட்டு ஜோக்குக்குச் சிரிக்கிறாள். முகத்தில் தண்ணீர் இன்னும் காயவில்லை. அவளுக்குப் பசி, முட்டை சூடாக இருக்கிறது. சந்தோஷம் என்றால் அதுதான். பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன், அழுகை வருகிற படம் இல்லை அது.

மிஷினை எடுத்து மேஜையில் வைத்து, சொருக இடம் தேடிக்கொண்டிருந்தேன். லைல் சும்மா சிரிப்புக்காகத்தான் சொல்ல ஆரம்பித்தார்.

"நாங்க சின்ன வயசுல கேப்போம். போட்டோ எடுத்தீங்களாப்பா? எடுத்தேன்பார். காட்டுங்கப்பா. காட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். ஏன்னா பொய் சொல்றவன் வேற என்ன சொல்லுவான்?"

"யார்கிட்ட சொன்னார்?" என்று கேட்டேன்.

"அவகிட்டதான். அவ சொன்னாளாம், 'இந்த மூஞ்சிய மட்டும் சினிமாக் கம்பெனி இன்னும் வாங்கல ஓட்டோ, இது என்னோடது. யாருக்கும் காட்டிடாத'ன்னு. அப்பா சரின்னாராம். எங்களுக்கு அதுதான் பெரிய புளுகா..."

பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார்.

 குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஹாங்க் என்னைப் பார்த்தான். நான் மின்கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

லைல் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "பெட்டில வெச்சுக்கிட்டுப் பேசாம இருந்திருக்கார். நாங்க மூஞ்சிக்கு நேரா சிரிச்சப்பக்கூட. ஒரு தடவ எடுத்து மேஜைல போட்டிருந்தா எல்லார் வாயும் அடைச்சிருக்கும்." மூக்கை உறிஞ்சினார். "அந்த ஆள் சாகற வரைக்கும் காட்டல. நான் ஒரே நாள்ல முப்பதாயிரம் பேருக்குக் காட்டிட்டேன்."

"முப்பதாயிரம் பேர் பாக்கல" என்றேன். "மத்தியானமே நான் எடுத்துட்டேன்ல."

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாகச் சிரிப்பு வந்தது. "அப்ப நீங்க பண்ண தப்பு நல்லதாப் போச்சு."

"அப்படித்தான் தோணுது."

என் மனசில் ஓடியதை இங்கேயாவது உண்மையாக எழுதுகிறேன். எனக்கு அந்தப் படம் வேண்டும். கதவு உயரத்துக்கு வேண்டும். உலகமே பார்க்க வேண்டும். அவள் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது மெத்தைக் கடை, இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. கார்டன் வாயைத் திறந்தார், அவருக்கும் அதேதான் தோன்றியிருக்கும். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். இது லைல் சொல்ல வேண்டிய விஷயம்.

லைல் படத்தைச் சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டார். "அந்த மிஷின எடுத்து வைங்கம்மா. இன்னொரு முட்டை போடறேன்."

பிப்ரவரி 23, திங்கள்

தெரசாவிடம் சொன்னேன். கதவு உயரத்துக்கு ஓட்டோவின் படம் கிடையாது என்று. "என்ன மேவிஸ் இப்படிக் காலை வாரறீங்க?" என்றாள். காரணத்தைச் சொன்னதும், "சரி, வாசல் படங்களையே பெருசாக் கொடுங்க, புள்ளியோட" என்றாள்.

'போலி' கோப்புறையைத் திறந்தேன். பார்ஸ்டோ படத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பார்த்து முடிக்கக் காப்பி ஆறிவிட்டது. அழித்தேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

குழு ஆரம்பித்த நாளிலிருந்து படமோ துண்டோ இல்லாமல் நான் எதுவும் போட்டதில்லை. இன்று போட்டேன். வெறும் எழுத்து:

"பார்ஸ்டோவில் சமையல்காரராக இருந்த ஓட்டோ பிரெமரின் சமையலறைக்குக் கோரா லிண்டன் வந்தாள். முகம் கழுவினாள். முட்டை தின்றாள். அவர் ஒரு படம் எடுத்தார். யாருக்கும் காட்டாதே என்று அவள் கேட்டாள். அவர் காட்டவில்லை. பொய்யன் என்று பெயர் வாங்கியும் காட்டவில்லை. நாங்கள் அதே பெயரை மறுபடி அவருக்குக் கொடுத்தோம், தவறு எங்களுடையது. படத்தின் மூலப் பிரதியை நானும் கார்டனும் நேரில் பார்த்தோம். இனி அது இங்கே வராது. கோராவை நாம் எல்லோரும் நேசிக்கிறோம். அவள் சொன்னதைக் கேட்டவர் ஓட்டோ ஒருவர்தான்."

போடுவதற்கு முன் கார்டனிடம் வாசித்துக் காட்டினேன். "படம் இல்லாம யார் நம்புவா? ஆதாரம் கேப்பாங்க" என்றார். "கேக்கட்டும்" என்றேன். பிறகு, "என் பேரையும் கீழ போடுங்க" என்றார்.

பிப்ரவரி 25, புதன்

ஆதாரம் கேட்டார்கள். நாலு பேர். மற்ற ஆயிரக்கணக்கான பேர் ஒரு முட்டைப் படத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். பொரித்தது, அவித்தது, ஒருவர் கோழியையே. லைலைக் குழுவில் திரும்பச் சேர்த்தாயிற்று. அவர் எழுதியது ஒரே வரி: "அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அழுகிறாள், சிரிக்கிறாள், எது என்று தெரியவில்லை."

மார்ச் 14, சனி

பேச்சு எழுதி வைத்துக் குளியலறையில் பேசிப் பார்த்தேன். ஹாங்க் கதவுக்கு வெளியே நின்று கை தட்டினான்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று நடந்ததை ஆற அமர எழுத வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தியேட்டர் நிறைந்துவிட்டது. முகப்புக் கூடத்தில் வாசல் படங்கள் மூன்று, கதவு உயரத்துக்கு, தூசு, கீறல், புள்ளி எல்லாவற்றோடும். எது தூசு எது கோரா என்று எனக்கு இப்போது பார்த்தவுடன் தெரிகிறது. ஜனங்கள் கன்னத்துக்குக் கிட்டே போய்ப் போய்ப் பார்த்தார்கள். தெரசா சோளப்பொரிக் கடையில் 'ஓட்டோ' என்று பெயர் எழுதி முட்டை ரொட்டி விற்றாள், இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

பேச்சு பரவாயில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். படகுத்துறைப் படத்தைப் பெரிய திரையில் பார்த்தேன். ஆரஞ்சுத் தோல் அறுந்தபோது ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தியதைக் கேட்டேன். எட்டு வயதில் நான் தனியாகச் செய்தது. நெருக்கத்தில் அவள் முகம் வந்தபோதெல்லாம் பூச்சுக்கு அடியில் அந்த மூன்று புள்ளியும் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. முன்பைவிட அவளை அதிகமாகப் பிடிக்கிறது. அதற்கு மேலும் மனசில் இடம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

முடிந்து வெளியே வந்தால், லைலைச் சுற்றிக் கூட்டம். கோட்டு போட்டு, சவரம் செய்து, அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஓட்டோவின் மகன் இவர்தான் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். கை குலுக்கினார்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். கடைசியில் எல்லோரும் கேட்க நினைத்ததை ஒரு பெண் கேட்டாள். "படம் எடுத்தாருன்னாங்களே, நிஜமாவே எடுத்தாரா?"

லைலின் கை தானாகக் கோட்டுப் பைக்குப் போனது, அதன் மேலேயே நின்றது. அது அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கார்டனுக்கும் தெரியும்.

"எடுத்தார்" என்றார். "காட்ட மாட்டேன்னு சொல்லிட்டார்."

அவர்கள் வீட்டில் அத்தனை வருடம் சிரித்த அதே பதில். நேற்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மெல்லத் தலையை ஆட்டினாள். அக்கா லைலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கார்டனைப் பார்த்தேன். பட்டாம்பூச்சி டையை நேராக்கிக்கொண்டார். ஆதாரம் என்று கேட்கவில்லை.